தேயிலை டின்னில் தமிழச்சி, பலகையில் தமிழ் இல்லை: ஒரு ‘நியாயக் கடை’ அனுபவம்

முதலில் நட்சத்திரம்: ஐந்துக்கு மூன்று. இரண்டரை போடத்தான் மனசு, ஆனால் அரை நட்சத்திரம் போட இங்கே வழியில்லை. கடையின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது வாசித்துக்கொண்டு போனால் உங்களுக்கே விளங்கும். கொழும்பு ஹவ்லொக் வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஓர் ஒழுங்கை, வெள்ளை மதில், வாசலில் ஒரு ஜம்பு மரம். அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

அடிமை உழைப்பு கலக்காத சாமான் என்று சொல்லி விற்கிற இந்த மாதிரிக் கடைக்கு நானாகப் போகிற ஆள் இல்லை. உடுப்பு என்றால் எனக்குப் புறக்கோட்டைதான், அதுவும் ஏற்றுமதியில் கழிபட்டு வருகிற ரீசேர்ட் குவியலில் கையைவிட்டுத் துழாவி, தையலைத் திருப்பிப் பார்த்து, விலையைப் பாதியாகக் கேட்டு வாங்குவேன். லண்டனிலிருந்து சித்தி மகள் லீவுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது அலுவலகத்தில் கொடுக்கச் சாமான் வாங்க வேண்டுமாம், ஆனால் “அடிமை உழைப்பு கலக்காத சாமானா இருக்கணும்க்கா, அங்க கேப்பாங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வேலை செய்கிற கம்பெனி இதைப் பற்றி வருஷா வருஷம் ஓர் அறிக்கை போடுகிறதாம். அது 2015-ல் பிரித்தானியா கொண்டுவந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தால் வந்தது: ஆண்டு வருமானம் 3 கோடி 60 இலட்சம் பவுனைத் தொடும் கம்பெனிகள், தங்கள் சரக்கு வருகிற வழியில் அடிமை உழைப்பு இல்லாமலிருக்க என்ன செய்தோம் என்று எழுதி வெளியிட வேண்டும். “ஒன்றும் செய்யவில்லை” என்று எழுதினாலும் அந்தச் சட்டத்துக்குப் போதும் என்பது வேறு கதை. அவள் அதை நம்பவில்லை; போனில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடங்கினாள்.

சரி, கடை. உள்ளே ஏசி நன்றாக இருக்கிறது, எலுமிச்சம்புல் வாசம், பாட்டு மெதுவாக. சாமான்களை நெருக்காமல் இடம்விட்டு அடுக்கியிருக்கிறார்கள், விலைச்சீட்டுகூடக் கைத்தாளில் செய்தது. சுவரில் பெரிய பலகை ஒன்று: இங்குள்ள பொருட்கள் எதிலும் அடிமை உழைப்பு இல்லை, ஒவ்வொன்றும் நியாயமான வழியில் வந்தது என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. அந்தப் பலகைக்கு நேர்கீழே தேயிலை டின்களை அடுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு டின்னிலும் தலையில் கூடைக் கயிறு மாட்டிய, மூக்குத்தி போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். அவள் எந்தப் பாஷை பேசுவாள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருப்பேன், ஆனால் கொழும்பில் இதற்கெல்லாம் குறைக்கத் தொடங்கினால் ஒரு கடைக்கும் மிஞ்சாது.

வாங்கியவை: ஒரு ரீசேர்ட் 6,900 ரூபா, துணிப் பை இரண்டு, தலா 1,200, கைத்தறித் துண்டு ஒன்று 1,400, சொக்லேட் ஒரு பார் 2,600, தேயிலை 100 கிராம் டின் 1,850. பில்லைப் பார்த்துச் சித்தி மகளே கொஞ்சம் பின்வாங்கினாள், அதுவும் பவுனில் கணக்குப் பார்க்கிறவள்.

ரீசேர்ட்டை அவளுக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன், சோதித்துப் பார்க்கத்தான். நான் கட்டுநாயக்கா கார்மெண்ட் வலயத்தில் இரண்டரை வருஷம் இருந்தவள், தையல் லைனில் ஹெல்ப்பராகப் போய் கடைசியில் தரம் பார்க்கிற மேசைக்கு வந்தவள். அதனால் சொல்கிறேன், தையல் முதல் தரம். தோள் மடிப்புக்குள் நாடா வைத்திருக்கிறார்கள், கழுத்துப் பட்டி நாலு கழுவலுக்குப் பிறகும் இளகவில்லை, நீளத்தில் அரை அங்குலம் சுருங்கியது, அது பஞ்சுத்துணிக்கு வழமைதான். 6,900 பெறுமா என்றால், துணிக்கும் தையலுக்கும் 3,000 வரை பெறும். மீதிப் பணம் பலகைக்கு.

பலகைக்காக நான் காசு கொடுப்பேன், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பலகை உண்மையாக இருக்க வேண்டும். ரீசேர்ட்டின் உள்சீட்டில் இலங்கையில் தைத்தது என்று இருக்கிறது. தைத்ததுதான். இலங்கையின் கார்மெண்ட் முதலாளிகள் 2006-லேயே ‘குற்றவுணர்வில்லாத ஆடை’ என்று உலகச் சந்தையில் பிரசாரம் தொடங்கினவர்கள். குழந்தைத் தொழிலாளி இல்லை, கட்டாய உழைப்பு இல்லை என்று சொன்னார்கள், நான் பார்த்த அளவில் சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் போதுமான பஞ்சு இங்கே விளைவதில்லையே. ஊசியும் நூலேற்றுகிற கையும் நம்முடையது, துணியோ நூலோ பெரும்பாலும் சீனா, இந்தியா மாதிரி வெளிநாட்டிலிருந்துதான் வரும். உலகப் பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சீனாவின் ஷின்ஜியாங்கில் விளைகிறது. அங்கே உய்குர் மக்களை அரசாங்கமே வேலைக்குத் தள்ளுகிறது என்று சொல்லித்தான் அமெரிக்கா 2021-ல் தனிச்சட்டம் போட்டது. அந்தப் பிரதேசத்துப் பொருள் எதுவானாலும் கட்டாய உழைப்பில் வந்ததென்றே எடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் கொண்டுவருகிறவரே நிரூபிக்கட்டும் என்பதுதான் சட்டம், 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. துர்க்மெனிஸ்தான் பஞ்சை அதற்கு முன்னரே, 2018-ல், மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஆக “இலங்கையில் தைத்தது” என்பது என் கேள்விக்குப் பதிலே இல்லை.

கடைக்காரர்கள் சீட்டில் ஒரு பஞ்சுச் சான்றிதழின் சின்னமும் போட்டிருந்தார்கள். இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருப்பேன். சில சான்றிதழ்களில் நல்ல வழியில் வந்த சரக்கும் மற்றச் சரக்கும் ஆலையில் ஒன்றாகக் கலக்கலாம். எவ்வளவு நல்ல சரக்கு உள்ளே போனதோ அவ்வளவுக்கு மட்டும் சின்னம் ஒட்டலாம், எந்த மூட்டை எந்தச் சட்டையில் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. பத்து வீட்டுப் பாலை ஒரே டாங்கில் ஊற்றிவிட்டு, “அதில் இரண்டு வீடு சுத்தம், ஆகையால் இரண்டு போத்தலில் சுத்தம் என்று எழுதலாம்” என்கிற கணக்கு. விவசாயிக்கு இதில் நன்மை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் என் கையிலிருக்கிற போத்தலில் அடிமை உழைப்பு இல்லை என்று பலகை எழுத அது போதாது.

சொக்லேட்டும் இதே கதைதான், கொக்கோவிலும் இந்தக் கலப்புக் கணக்கு உண்டு. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. சிறுவர் உழைப்பின் மிக மோசமான வகைகளை 2005-க்குள் ஒழிப்போம் என்று பெரிய சொக்லேட் கம்பெனிகள் 2001-ல் கையெழுத்துப் போட்டன. 2005 வந்தது, போனது, தவணையை நீட்டினார்கள், திரும்ப நீட்டினார்கள். 2018–19 அறுவடைக்காலத்தை வைத்துச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்கில் அந்த இரண்டு நாட்டிலும் கொக்கோ வேலையில் இருந்த சிறுவர் உழைப்பாளிகள் 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். எல்லாரும் அடிமைகள் அல்ல, பெரும்பாலும் சொந்தக் காட்டில் அப்பா அம்மாவோடு கத்தி பிடிக்கிற பிள்ளைகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சொக்லேட் ருசி பிரமாதம், கசப்பும் கொஞ்சம் புளிப்பும். ஆனால் கொழும்பு வெயிலில் ஓட்டோவில் கொண்டுவந்தால் களியாகிவிடும், ஐஸ் பாக் தருவதில்லை, கேட்டாலும் இல்லை.

இனி அந்தக் கைத்தறித் துண்டு.

அதை எடுத்துக் காட்டிய பிள்ளைக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். சிங்களத்தில்தான் தொடங்கினாள், நாங்கள் எங்களுக்குள் பேசுவதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டு மாறினாள். “இந்தத் துண்டு மருதமுனைல நெய்ஞ்சதுக்கா, நல்லா தண்ணி இழுக்கும்.” பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், எங்கள் பக்கம்தான், ஹட்டனுக்கு மேலே. அவளும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் வீட்டுப் பிள்ளை என்று இரண்டு நிமிஷம் விசாரணை நடந்தது. சித்தி மகள் ஏதோ அதிசயம் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துண்டு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தோளில் போடுகிற துணி முதலில் ஞாபகம் வராது. என் அப்பாயிதான், அப்பாவின் அம்மாதான், காரணம். அவர் சொல்கிற துண்டு வேறு. இந்தியாவிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி வந்த காலத்தில் கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயரில் கடனாக ஏறும், தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடனாளிதான். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டுக் கடுதாசி கொடுப்பார்: இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், யார் கட்டுகிறாரோ அவர் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். கடனைப் புதுத்துரை கட்டினார் என்று சந்தோஷப்பட வேண்டாம், அது அப்படியே புதுத்தோட்டத்துக் கணக்கில் ஏறிக்கொள்ளும், கங்காணி வாங்கிய முன்பணமும் சேர்ந்து முன்னைவிடக் கூடியிருக்கும். 1921-ல் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அப்பாயி அதற்குப் பிறகு பிறந்தவர், தன் அம்மா சொல்லிக் கேட்டதைத்தான் எங்களுக்குச் சொன்னார். ஆனால் தானே அந்தக் கடுதாசியைக் கையில் வைத்திருந்த மாதிரிதான் சொல்வார், “துண்டு இல்லாம ஒரு மலைய விட்டு இன்னொரு மலைக்கு நகர முடியாது” என்று.

சங்கிலியும் சவுக்கும் இருந்தால்தான் அடிமை என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. இன்றைக்கு உலகத்தில் கட்டாய உழைப்பு நடக்கிற பல இடங்களில் துண்டுக் கதைதான், கடுதாசி மட்டும் மாறியிருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் 4 கோடி 96 இலட்சம் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தார்கள், அதில் 2 கோடி 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில், மற்றவர்கள் கட்டாயத் திருமணத்தில். மலேசியாவின் கையுறைத் தொழிற்சாலைகளில் நேபாளிகளும் பங்களாதேஷிகளும் பட்டது இதுதான். வேலை கிடைக்க ஊரில் ஏஜெண்டுக்குக் கடன்பட்டுக் கொடுத்தார்கள், அதை அடைக்கும்வரை எவ்வளவு மோசமானாலும் விட்டுப் போக முடியவில்லை. கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் கையில் மாட்டிக்கொண்டு திரிந்த அதே வகைக் கையுறைதான். 2020-ல் அமெரிக்கச் சுங்கம் அதில் பெரிய கம்பெனியின் சரக்கை மறித்த பிறகுதான், தொழிலாளர் ஏஜெண்டுக்குக் கொடுத்த காசைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. பல வருஷமாக எத்தனை ஆய்வுக்குழு போய் எத்தனை படிவம் நிரப்பியிருக்கும்! துறைமுகத்தில் கொள்கலன் நின்றபோதுதான் காசு வந்தது.

நான் கட்டுநாயக்காவுக்குப் போனபோது எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் தலைக்கு 7,500 வாங்கினார், சும்மா கிடைக்கிற வேலைக்கு. அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துக் கொடுத்தார். போன பிறகுதான் தெரிந்தது, கம்பெனி எங்களை எடுக்கவில்லை, ஒரு மேன்பவர் ஏஜென்சி எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. சம்பளத்தில் போர்டிங் காசை அவர்களே பிடித்துக்கொள்வார்கள், ஒருநாள் லீவு போட்டால் வருகைக் கொடுப்பனவு முழுதும் போகும். நான் அடிமையாக இருந்தேன் என்று சொல்ல வரவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை, ஐடி கார்ட் என்னிடம்தான் இருந்தது, போக நினைத்தபோது போனேன். ஆனால் முதல் ஏழு மாதம் நான் ஏன் போகவில்லை என்றால், அம்மாவின் அந்தக் காதுத்தோட்டுக்காகத்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினொரு அறிகுறி சொல்கிறது, கடன்கட்டு (கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது), சம்பளத்தை நிறுத்திவைப்பது, பத்திரங்களைப் பிடுங்கி வைப்பது, ஏமாற்றிக் கூட்டி வருவது என்று போகும். பிற்காலத்தில் அதை வாசித்தபோது விரல்விட்டு எண்ணினேன். எத்தனை வந்தது என்று எழுதவில்லை, ஒன்றுக்கு மேல் வந்தது.

துண்டுக்கு வருகிறேன், தோளில் போடுகிறதுக்கு. மருதமுனையில் எந்த வீட்டுத் தறியில் நெய்தது என்று சீட்டில் இருக்கிறது, கூலி எவ்வளவு என்றும் போட்டிருக்கிறார்கள், கடையில் இந்த ஒரு பொருளுக்குத்தான் அப்படி. மனசாரப் பாராட்டுகிறேன். நூல் எங்கே நூற்றது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நூலப் பத்தி ஒண்ணும் போடலியேக்கா, இந்தியாவுல இருந்துதான் வருதுனு சார் சொன்னாரு” என்றாள்.

இந்தியாவில் எங்கே? தமிழ்நாடு என்றால் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. திண்டுக்கல், கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்குவார்கள், முடிவில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகையை மொத்தமாகத் தருவோம் என்பார்கள். மூன்று வருஷம் முடிய முன்னர் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை போச்சு. மாதச் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த அவர்களுடைய காசுதான் அது. பெயரைப் பாருங்கள், சுமங்கலியாம்! அப்பாயியின் துண்டையே மஞ்சளில் நனைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 2011-ல் இதை ஊரறியச் செய்தபோது, அந்த நூலில் நெய்த உடுப்பை விற்ற பெரிய பிராண்டுகள் எல்லாம் அதிர்ச்சி தெரிவித்தன.

அதே திண்டுக்கல்லிலிருந்துதான் நான் நம்புகிற ஒரு நல்ல செய்தியும் வந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் கொலையானார், கொன்றவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்களே நடத்துகிற தொழிற்சங்கம், தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. ஈஸ்ட்மன் என்ற உற்பத்திக் கம்பெனியும், துணி வாங்குகிற எச் அண்ட் எம், கேப், பிவிஎச் கம்பெனிகளும் அதில் கட்டுப்பட்டன. தொழிலாளிப் பெண்களிலிருந்தே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து லைனிலேயே கண்காணிக்க வைத்தார்கள். சொன்னபடி செய்யாவிட்டால் வாங்குகிற கம்பெனி ஓர்டரில் கைவைக்க வேண்டும் என்று எழுத்திலேயே வாங்கினார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளி பறிக்கிறவர்கள் 2011-லிருந்து நடத்துகிற திட்டமும் இதே வழிதான். வெளியிலிருந்து வருகிற ஓடிட்டர் வருஷத்துக்கு ஒருநாள் வருவார், அன்றைக்குக் கழிவறையில் சவர்க்காரம் இருக்கும். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்தச் சவர்க்காரத்தை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

தேயிலை டின்னுக்கு வருவோம். பின்பக்கம் கியூஆர் கோட் இருக்கிறது, ஸ்கேன் செய்தால் பனிமலை, அருவி, சிரிக்கிற பெண்கள், தோட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதுவரை இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் இல்லை. ஒருநாளைக்கு ஆயிரம் ரூபாவுக்காக எங்கள் ஆட்கள் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றார்கள் என்று தெரியும், 2021-ல் அது கிடைத்தது, 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. டின் 1,850. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகும், ஆக இந்த 100 கிராமுக்கு அரைக்கிலோ. ஒருத்தி ஒருநாளைக்கு 18 கிலோ எடுக்கிறாள் என்று வைத்தால் 36 டின், கடை விலையில் 66,600 ரூபா. டின், தொழிற்சாலை, லொறி, வரி, ஏசி எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது, கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவள்தான் நானும், தெரியும். ஆனாலும் 66,600-க்கு, அந்த 2024 சம்பளக் கணக்கில், 1,350. கொழுந்து குறைந்தால் அதுவும் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான்.

இதை அடிமை உழைப்பு என்று சொல்லலாமா? நான் அந்தச் சொல்லைச் சும்மா எடுத்து வீசுகிறவள் இல்லை. ஐநாவின் நவீன அடிமைத்தனம் பற்றிய சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2021 கடைசியில் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த நாட்டில் அந்தப் பிரச்சினைக்கு ஓர் இனமுகம் இருக்கிறது என்று மலையகத் தமிழரைக் குறித்துச் சொன்னார். லயத்து வீடு, தொழிலாளருக்கான அந்த வரிசை வீடு, தோட்டத்தினுடையது, வேலையை விட்டால் வீடு என்னாகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்தப் பயம் இருக்கிற இடத்துத் தேயிலையை “நியாயமான வழியில் வந்தது” என்று எழுதுமுன் கடைக்காரர் ஒருதரமாவது மலை ஏறிப் பார்த்திருக்க வேண்டும் என்பேன். தேயிலை ருசியைப் பற்றி என்ன சொல்ல, நம்ம ஊர்த் தேயிலை. வீட்டில் தூளை அள்ளிப்போட்டுச் சாயம் இறக்கிக் குடிக்கிற எனக்கு இது கொஞ்சம் மெல்லிசு.

கடையின் பெயரை ஏன் எழுதவில்லை என்பது இனித்தான். பில் போடும்போது அந்தப் பிள்ளையிடம், இங்கே வேலை எப்படி, பரவாயில்லையா என்று சும்மா கேட்டேன். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “நான் கடையோட ஆள் இல்லக்கா. ஏஜென்சிலதான். கடை அவங்களுக்குக் குடுக்கும், அவங்க எங்களுக்கு. போன மாசத்துது பதினெட்டாந் தேதிதான் வந்துச்சு. யூனிபோர்முக்கு வேற மூணு மாசம் புடிச்சாங்க.” போட்டிருந்த பருத்திச் சட்டையைக் காட்டினாள். அது நான் வாங்கிய அதே ரீசேர்ட்டின் துணி. வேலைக்குச் சேரக் காசு கொடுத்தாயா என்று கேட்டதற்கு, “ஊர்ல ஒரு அண்ணனுக்குக் குடுத்தோம்” என்றாள், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அடிமை உழைப்பு இல்லை என்கிற அந்தப் பலகையைத் தினமும் காலையில் துடைக்கிறதும் அவள்தானாம்.

இதையும் நிதானமாகத்தான் சொல்கிறேன், சம்பளம் பிந்துவதும் அடிமைத்தனமும் ஒன்றல்ல. ஆனால் கொக்கோக் காடுவரை போய்ப் பார்த்ததாகச் சொல்கிற கடைக்குக் காசு மேசைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையின் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது என்று தெரியவில்லை. முதலாளி கெட்டவர் என்று நினைக்கவில்லை. ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார், பெரிய பிராண்டுகளும் அப்படித்தான் நினைக்கின்றன. பெயரைப் போட்டால் மறுநாள் விசாரணை நடக்கும், தமிழ் பேசுகிற பிள்ளை கடையில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அதனால்தான்.

வீட்டுக்கு வந்து கடைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், வாடிக்கையாளராக. மூன்றே கேள்வி. பொருள் ஒவ்வொன்றுக்கும் மூலப்பொருள் எந்த நாட்டு எந்த ஆலையிலிருந்து வருகிறது? இதில் வேலை செய்கிற யாராவது, உங்கள் கடையில் நிற்பவர்கள் உட்பட, வேலை கிடைக்க யாருக்காவது காசு கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்தீர்களா? குறை இருந்தால் முதலாளியைத் தாண்டி யாரிடம் சொல்லலாம்? பதில் வராது என்றுதான் நினைத்தேன். பதினோராம் நாள் வந்தது, அதற்காகவே மூன்றாவது நட்சத்திரம்.

பதிலில் பாதி நேர்மையானது. துணிப் பைகளை மொரட்டுவையில் பதினான்கு பெண்கள் தைக்கிறார்கள், மாதாமாதம் தாங்களே போய்ப் பார்ப்பதாகவும், நான் விரும்பினால் கூட்டிக்கொண்டு போவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தப் பையின் அடிமூலைத் தையலைப் பார்த்தால் அவசரப்படாத கை தைத்தது என்று தெரிகிறது, நம்புகிறேன். கைத்தறித் துண்டின் நூல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வழியாக வருகிறது, ஆலை எதுவென்று விசாரிக்கிறோம் என்றார்கள். ரீசேர்ட்டுக்கும் சொக்லேட்டுக்கும் சான்றிதழின் பிடிஎஃப் இணைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பலகையில் தமிழ் சேர்ப்பதாகச் சொன்னார்கள், நான் கேட்காமலே! இல்லை, கேட்டிருந்தேன், பின்குறிப்பில். இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

சித்தி மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப அங்க சட்டம் இருந்தும் என்னக்கா பிரயோசனம்” என்றாள். பிரயோசனம் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியா 2018-ல் போட்டதும் அறிக்கை எழுது என்கிற சட்டம்தான், அதில் தண்டனை வைக்கவில்லை. பிரான்ஸ் 2017-லேயே ஒருபடி மேலே போய், சரக்கு வழியில் நடக்கிறதுக்குக் கம்பெனியை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று ஆக்கியது, பங்களாதேஷில் ரானா பிளாசா இடிந்து ஆயிரத்து நூற்றுக்கும் மேல் ஆட்கள் செத்த பிறகு வந்த சட்டம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒன்று கொண்டுவந்து, அடுத்த வருஷமே தவணையைத் தள்ளிப்போட்டது. கட்டாய உழைப்பில் வந்த பொருளை அங்கே விற்கவே கூடாது என்கிற இன்னொரு சட்டம் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரவேண்டும். நம் நாட்டிலும் கடன்கட்டும் கட்டாய உழைப்பும் 2006-லிருந்து குற்றச்சட்டத்தில் குற்றம்தான். ஊரில் அந்த அண்ணன் இன்னமும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார்.

போக நினைக்கிறவர்களுக்கு: பை வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு. கைத்தறித் துண்டும் வாங்கலாம், மூன்று கழுவலுக்குப் பிறகுதான் நன்றாகத் தண்ணீர் இழுக்கிறது, சாயம் போகவில்லை. ரீசேர்ட் காசிருந்தால். சொக்லேட்டை விடுங்கள். தேயிலைக்கு ஹட்டன் ரயில் ஏறுங்கள். 138-ல் வந்து ஹவ்லொக் வீதியில் இறங்கி நடக்கலாம், கார் நிறுத்த இரண்டே இடம், சனி பின்னேரம் போகவே வேண்டாம், கார்ட் மெஷினும் அன்றைக்கென்று மக்கர் பண்ணும். நிற்கிற பிள்ளைகளிடம் தமிழில் பேசுங்கள், ஆனால் சம்பளக் கதையைக் கடைக்குள் வைத்துக் கேட்காதீர்கள்.

இரண்டாவது கேள்வியை நேற்றுத் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் நட்சத்திரத்தை மாற்றுகிறேன், எந்தப் பக்கம் என்பது பதிலைப் பொறுத்தது.